பள்ளிக்கூட வாசலில் எண்பது கிலோமீட்டர் வேகம்: கேள்வி பதில்

நெடுஞ்சாலை ஓரத்து ஊர்க்காரர்களின் கேள்விகளுக்கு ஓய்வுபெற்ற சாலைப் பொறியாளர் ஒருவர் பதில் சொல்கிறார்.

பொய்கையிலிருந்து ஒரு தாய்: பள்ளிக்கூடம் எதிரே வேகத்தைக் குறைக்க யாரிடம் கேட்பது? ஒவ்வொருவரும் இன்னொருவரைக் கை காட்டுகிறார்கள்.

ஆட்சியரிடம் கேளுங்கள் அம்மா. மத்திய அரசு விதிப்பது உச்சவரம்பு மட்டுமே. பொதுமக்கள் பாதுகாப்புக்காக ஓரிடத்தில் அதைக் குறைக்க, 1988 மோட்டார் வாகனச் சட்டத்தின் 112-வது பிரிவு மாநில அரசுக்கும் அது அதிகாரம் கொடுத்தவருக்கும் இடம் தருகிறது. அரசிதழில் அறிவித்து, சாலையில் பலகையும் வைக்க வேண்டும். ஒரு மாதத்துக்கு மேற்படாத கட்டுப்பாடு என்றால் அரசிதழ் அறிவிப்புகூடத் தேவையில்லை. மாவட்டச் சாலைப் பாதுகாப்புக் குழுவுக்கு ஆட்சியர்தான் தலைவர். போலீஸ், ஆர்.டி.ஓ., நெடுஞ்சாலைத் துறை எல்லாரும் அங்கே ஒரே மேசையில் உட்காருகிறார்கள். 2019-இல் வேலூர் மாவட்டம் மூன்றாகப் பிரிந்ததை மறக்காதீர்கள்: பொய்கை, பள்ளிகொண்டா வேலூரில், வாலாஜா ராணிப்பேட்டையில், ஆம்பூர், வாணியம்பாடி திருப்பத்தூரில்.

ஆம்பூர் ஷூ கம்பெனித் தொழிலாளி: எண்பதை ஐம்பதாக்கினால் எங்கள் பஸ் தாமதமாகாதா?

அரை கிலோமீட்டர் தூரத்துக்குக் கணக்குப் போடுங்கள். எண்பதில் 22 விநாடி, ஐம்பதில் 36 விநாடி. இழப்பது கால் நிமிடம்கூட இல்லை.

கிடைப்பது என்ன? முப்பது மீட்டர் முன்னால் ஒரு குழந்தை சாலையில் இறங்குகிறது என்று வையுங்கள். காய்ந்த சாலை, நல்ல பிரேக், டிரைவர் சுதாரிக்க ஒரு விநாடி. ஐம்பதில் வந்த கார் குழந்தைக்கு முன்னாலேயே நின்றுவிடும். எண்பதில் வந்த கார் அந்த ஒரு விநாடியிலேயே 22 மீட்டர் ஓடிவிடும். மிச்சம் எட்டு மீட்டரில் எவ்வளவு அழுத்தி மிதித்தாலும் ஏறக்குறைய எழுபது கிலோமீட்டர் வேகத்தில்தான் மோதும். பாரம் ஏற்றிய லாரி என்றால் இன்னும் மோசம்.

குடியாத்தம் ஆசிரியர்: 'வேகம் 30' பலகை இருக்கிறது. ஒருவரும் மதிப்பதில்லையே?

டிரைவர் பலகையைவிடச் சாலையைப் பார்த்துத்தான் ஓட்டுகிறார். அகலமாக, நேராக, நடுவே தடுப்போடு இருந்தால் கால் தானாக ஆக்சிலேட்டரை மிதிக்கும். ஆகவே பலகையோடு சாலையின் தோற்றமும் மாற வேண்டும். எண்பதிலிருந்து ஒரேயடியாக முப்பது என்று எழுதாமல், அறுபது, நாற்பது என்று படிப்படியாக இறக்க வேண்டும். தூரத்திலேயே டயருக்குக் கீழே அதிர்வுக் கோடுகள் வேண்டும். கிளைச் சாலையிலிருந்து ஏறுபவர் முதல் பலகையைப் பார்த்திருக்க மாட்டார், அதனால் ஒவ்வொரு சந்திப்புக்கும் பிறகு அதே எண்ணைத் திரும்ப வைக்க வேண்டும். புளியமரக் கிளையும் திருமண பிளெக்ஸும் மறைத்த பலகை இருந்தும் இல்லாததுதான்.

தேசிய நெடுஞ்சாலையில் வேகத்தடை கேட்காதீர்கள். இருப்பவற்றையே அகற்றச் சொல்லி 2016-இல் மத்திய அமைச்சகம் உத்தரவிட்டது. சர்வீஸ் ரோட்டில் கேட்கலாம். நான்கு வழிச் சாலையைப் பிள்ளைகள் கடந்தே ஆகவேண்டிய இடத்தில் சுரங்கப்பாதை கேளுங்கள், விடாமல் கேளுங்கள். உயரமான நடைமேம்பாலத்தில் படியேற மாட்டார்கள், தடுப்பைத் தாண்டித்தான் குதிப்பார்கள்.

கண்ணமங்கலம் வாசகர்: எங்கள் இடம் 'பிளாக் ஸ்பாட்' ஆனால்தான் நடவடிக்கை என்கிறார்களே?

இந்தப் பதில் எனக்கு வயிற்றெரிச்சலைத் தருகிறது. மூன்று ஆண்டில் 500 மீட்டருக்குள் உயிரிழப்போ கொடுங்காயமோ ஏற்பட்ட ஐந்து விபத்துகள், அல்லது பத்து மரணங்கள் என்பது பிளாக் ஸ்பாட்டின் வரையறை. எங்கே முதலில் சாலையைச் சீர்செய்வது என்று முடிவெடுக்க வந்த கணக்கு அது. 112-வது பிரிவு பிணம் விழ வேண்டும் என்று எங்கேயும் நிபந்தனை போடவில்லை.

நீங்களே ஆதாரம் திரட்டலாம். சாலையோரம் 100 மீட்டர் அளந்து இரண்டு அடையாளம் வையுங்கள். சாலையில் இறங்காமல், போனிலுள்ள ஸ்டாப்வாட்சை வைத்து ஒவ்வொரு வண்டியையும் பாருங்கள். நாலரை விநாடியில் கடந்தால் எண்பது, ஒன்பது விநாடி என்றால் நாற்பது. காலை பள்ளி கூடும் நேரத்திலும் மாலை விடும் நேரத்திலும் எத்தனை பிள்ளைகள் கடக்கிறார்கள் என்று எண்ணுங்கள். அந்தத் தாளையும் படங்களையும் மனுவோடு இணைத்துத் திங்கட்கிழமை குறைதீர் கூட்டத்தில் கொடுத்து, மனு எண்ணை வாங்கிக்கொள்ளுங்கள்.