பெட்பேன் தூக்கும் வேலை

அன்புள்ள ஐயா,

நர்சிங் மூன்றாம் ஆண்டு படிக்கிறேன். போன மாதம் உறவினர்கள் கூடியிருந்த இடத்தில் என் சித்தப்பா, "பெட்பேன் தூக்குறதுக்கு நாலு வருஷப் படிப்பா?" என்று கேட்டுச் சிரித்தார். எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்து வைத்தேன்.

வார்டிலும் இதே கதைதான். ஒரு நோயாளியைப் பார்த்தால் என்னவோ சரியில்லை என்று தோன்றியது. டியூட்டி டாக்டரிடம் சொன்னேன். "சரியில்லைன்னா என்ன? நீ டாக்டரா?" என்றார். பதில் சொல்ல வரவில்லை. சொன்னதைச் செய்கிற கைகள் மட்டும்தானா நாங்கள்? இன்னொரு பக்கம், மேடை ஏறுகிறவர்கள் எல்லாரும் எங்களைத் தேவதைகள் என்கிறார்கள். அதுவும் எனக்கு ஒட்டவில்லை. மருத்துவமனை நிர்வாகப் படிப்புக்கு மாறிவிடலாமா என்று யோசிக்கிறேன். உங்கள் கருத்து வேண்டும். என் பெயரைப் போட வேண்டாம்.

க.

அன்புள்ள க.,

உங்கள் சித்தப்பா கேலியாகக் கேட்டாலும் கேள்வி நல்ல கேள்விதான். அதிலிருந்தே தொடங்குகிறேன். பெட்பேனை எடுத்துக்கொண்டு போகிறவர் அதில் என்ன பார்க்கிறார்?

மலம் தார் மாதிரிக் கறுத்து, பிசுபிசுத்து, தனியான ஒரு நாற்றத்தோடு போனால் இரைப்பையிலோ முன்சிறுகுடலிலோ ரத்தம் கசிகிறது என்று சந்தேகிக்க வேண்டும். இரும்புச்சத்து மாத்திரை எடுப்பவருக்கும் கறுப்பாகத்தான் போகும். அதனால் மருந்துச் சீட்டையும் தெரிந்து வைத்திருக்க வேண்டும். சிறுநீரைப் பாருங்கள். 60 கிலோ எடையுள்ள ஒருவருக்கு மணிக்கு 30 மில்லிக்கும் கீழே போய், அடுத்தடுத்த மணி நேரங்களிலும் ஏறவில்லை என்றால், சிறுநீரகத்துக்கு ரத்தம் போதவில்லையோ என்று பயப்பட வேண்டும். காலை ரவுண்ட்ஸில் டாக்டர் வரும்போது பெட்பேன் கழுவிக் கவிழ்த்திருக்கும். உள்ளே இருந்ததைப் பார்த்தவர் நீங்கள் ஒருவர்தான். அடுத்த முறை சித்தப்பா கேட்டால் இதைச் சொல்லுங்கள், சாப்பாட்டு நேரமாக இருந்தால் இன்னும் விளக்கமாகவே சொல்லுங்கள்.

என் கதை ஒன்று. அப்பாவுக்கு வயிற்றில் அறுவைச் சிகிச்சை முடிந்து மூன்றாம் இரவு. நான் துணைக்கு இருந்தேன். காய்ச்சல் இல்லை, பிரஷர் சரியாக இருந்தது, விரலில் மாட்டிய கருவி ரத்தத்தில் ஆக்சிஜன் 95 சதவீதம் என்று காட்டியது. கட்டில் காலில் தொங்கிய சார்ட்டில், மூச்சு என்ற கட்டத்தில் மூன்று வேளையும் 20, 20, 20 என்று எழுதியிருந்தது. நள்ளிரவுக்கு மேல் ஒரு சிஸ்டர் வந்தார். அப்பாவை எழுப்பவில்லை, போர்வைமேல் லேசாகக் கை வைத்து வாட்சைப் பார்த்தபடி நின்றார். முழுதாக ஒரு நிமிடம். பிறகு இன்னொரு நிமிடம். "28" என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டு போனை எடுத்தார். நுரையீரலில் தொற்று தொடங்கியிருந்தது. விடியும்வரை விட்டிருந்தால் வேறு மாதிரி ஆகியிருக்கும் என்று மறுநாள் டாக்டரே சொன்னார்.

அதற்குப் பிறகுதான் இதைப் பற்றித் தேடிப் படித்தேன். பெரியவர்களுக்கு நிமிடத்துக்கு 12 முதல் 20 மூச்சு இயல்பு. உடம்பு உள்ளே திணறத் தொடங்கும்போது பல நேரம் பிரஷர் இறங்குவதற்கு முன்பே மூச்சு வேகம் பிடித்துவிடுகிறது. வார்டில் எடுக்கிற அளவுகளிலேயே எண்ணாமல் எழுதப்படுவதும் அதிகமாக இதுதான். பல்ஸுக்கும் பிரஷருக்கும் கருவி வந்துவிட்டது. மூச்சுக்கு இன்னமும் ஒரு ஆள் ஒரு நிமிடம் நிற்க வேண்டும். அந்த நிமிடம் கிடைக்காதபோது 20 என்று எழுதிவிடுகிறார்கள்.

உங்கள் டியூட்டி டாக்டர் விஷயத்துக்கு வருகிறேன். அவர் பேசியது முரட்டுத்தனம், அதில் எனக்குச் சந்தேகம் இல்லை. ஆனால் "சரியில்லைன்னா என்ன?" என்ற முதல் பாதிக்கு உங்களிடம் பதில் இருந்திருக்க வேண்டும். உங்கள் உள்ளுணர்வு பொய் இல்லை. ஏதோ ஒன்றைக் கண் பார்த்துவிட்டது, அதற்கு இன்னும் பெயர் கிடைக்கவில்லை, அவ்வளவுதான். உடனே மூச்சை எண்ணுங்கள், கை கால் சில்லிட்டிருக்கிறதா என்று தொடுங்கள், நேற்றுப் பேசியபடி இன்று பேசுகிறாரா என்று இரண்டு கேள்வி கேளுங்கள். பிறகு போன் செய்யுங்கள். இப்போது என்ன நடக்கிறது, இவர் எதற்காகச் சேர்ந்தவர், எனக்கு என்ன தோன்றுகிறது, நீங்கள் என்ன செய்ய வேண்டும் என்று இந்த வரிசையில் சொல்லுங்கள். அமெரிக்கக் கடற்படையின் நீர்மூழ்கிக் கப்பல்களில் பழகிய முறை இது, பிறகு மருத்துவமனைகளுக்கு வந்தது. கடைசி வரியை விட்டுவிடாதீர்கள். "மூச்சு 28, நீங்கள் வந்து பார்க்க வேண்டும்" என்று கேட்ட பிறகு வராமல் இருப்பது எவருக்கும் கொஞ்சம் கஷ்டம். சொன்ன நேரத்தையும் சார்ட்டில் எழுதிவிடுங்கள்.

இப்படிச் சொன்னால் எல்லாரும் கேட்டுவிடுவார்கள் என்று பொய் சொல்ல மாட்டேன். இங்கிலாந்தின் சிசிலி சாண்டர்ஸ் நர்சாகத் தொடங்கியவர். முதுகுவலியால் அந்த வேலையை விட்டு மருத்துவமனையில் சமூகப் பணியாளர் ஆனார். சாகிற நிலையில் இருப்பவர்களுக்கு வலி மருந்தை வலி வந்த பிறகு கொடுக்கக் கூடாது, வருவதற்கு முன்பே மணிக்கணக்கு வைத்துக் கொடுக்க வேண்டும் என்பதை அவர் அப்படிப்பட்டவர்களுக்கான ஒரு இல்லத்தில் தன்னார்வ நர்சாக இருந்தபோது கண்ணால் கண்டார். நர்சாக இருந்து சொன்னால் எடுபடாது, டாக்டருக்குப் படி என்று அவருடன் வேலை செய்த ஒரு அறுவை மருத்துவரே சொன்னார். படித்து 1957இல் டாக்டர் ஆனபோது வயது நாற்பதை நெருங்கியிருந்தது. பத்து ஆண்டு கழித்து லண்டனில் செயின்ட் கிறிஸ்டோபர்ஸ் இல்லத்தைத் திறந்தார். இன்றைய வலி தணிப்புச் சிகிச்சை அங்கிருந்து கிளம்பியது. இதை ஊக்கக் கதையாகச் சொல்வார்கள். எனக்குப் படிக்கும்போதெல்லாம் கோபம்தான் வருகிறது. கட்டிலருகே நின்று கண்ட ஒன்றைக் காது கொடுத்துக் கேட்க வைக்க, ஒரு மனுஷி இன்னொரு படிப்பு முழுக்கப் படிக்க வேண்டியிருந்தது.

தேவதை என்ற சொல் உங்களுக்கு ஒட்டவில்லை என்றீர்கள். ஒட்ட வேண்டாம். அந்தப் படிமத்துக்கு மூலமே விளக்கேந்திய நைட்டிங்கேல்தான். 1854இல், கிரிமியப் போரின்போது, அவர் துருக்கியில் இருந்த ஸ்கூட்டாரி பிரிட்டிஷ் ராணுவ மருத்துவமனைக்குப் போன பிறகும் அந்தக் குளிர்காலத்தில் சாவு ஏறிக்கொண்டேதான் போனது. 1855 மார்ச்சில் சுகாதாரக் குழு வந்து சாக்கடையைச் சுத்தம் செய்த பிறகே இறங்கியது. ஊர் திரும்பியபின் அவர் உட்கார்ந்து கணக்குப் போட்டார். காயத்தைவிடத் தடுத்திருக்கக்கூடிய நோயே அதிகம் பேரைக் கொன்றது என்பதை வண்ண வரைபடமாகப் போட்டு அரசாங்கத்தின் முன் வைத்தார். நாம் விளக்கை வைத்துக்கொண்டு கணக்கை விட்டுவிட்டோம். தேவதைக்குச் சம்பளம் வேண்டாம், தூக்கம் வேண்டாம், ஒருத்தியே நாற்பது கட்டிலையும் பார்த்துக்கொள்வாள் என்றால் நிர்வாகத்துக்கு எவ்வளவு வசதி!

லிண்டா எய்க்கன் என்ற நர்சிங் ஆய்வாளர் குழு 2002இல் வெளியிட்ட ஆய்வு ஒன்று உண்டு. அமெரிக்காவின் பென்சில்வேனியா மாநிலத்தில் 168 மருத்துவமனைகளின் தரவு. ஒரு நர்சின் பொறுப்பில் ஒரு நோயாளி கூடினால், அறுவைச் சிகிச்சைக்கு வந்தவர்கள் முப்பது நாளுக்குள் இறக்கும் வாய்ப்பு 7 சதவீதம் கூடுவதாக அது காட்டியது. மூச்சு எண்ண நிற்க வேண்டிய அந்த ஒரு நிமிடம் எங்கே போகிறது என்று இதைப் பார்த்தால் புரியும்.

நிர்வாகப் படிப்பு தப்பில்லை. வார்டு தெரிந்த ஒருவர் அந்த நாற்காலியில் உட்கார்ந்தால் நல்லதுதான். சித்தப்பாவுக்காக மாற வேண்டாம் என்று மட்டும் சொல்வேன். முதலில் நர்சாக இரண்டு மூன்று வருஷம் வேலை பார்த்துவிட்டு முடிவு செய்யுங்கள்.

அப்பாவை வீட்டுக்கு அழைத்துப்போகிற அன்று அந்த சிஸ்டரிடம், உங்களைப் பாராட்டி மேலிடத்துக்கு ஒரு கடிதம் எழுதித் தரட்டுமா என்று கேட்டேன். கொஞ்சம் யோசித்தார். "எழுதறதா இருந்தா சார், நைட்ல இந்த வார்டுக்கு ரெண்டு பேர் வேணும்னு எழுதிக் குடுங்க" என்றார். எழுதிக் கொடுத்தேன். வாங்கிக்கொண்டதற்கு முத்திரை குத்திய நகல் இன்னும் என்னிடம் இருக்கிறது. பதில் வரவில்லை.