ஸ்டென்ட் வைத்த அப்பாவும் பரியாரியார் சொன்ன வாதமும்

சுன்னாகத்திலிருந்து ஒரு மகள் எழுதியிருக்கிறார்: அப்பாவுக்கு 64 வயது. நாலு மாதத்துக்கு முதல் அடைபட்ட இருதயக் குழாயை விரித்து வைக்க ஸ்டென்ட் வைத்தது. அம்மா தவறிய பிறகு ஆள் நல்லா வாடிப்போனார். இரவில் ரண்டு ரஸ்க்கும் பிளேன்ரீயும்தான், வெள்ளிக்கிழமை முழு விரதம். இப்ப நெஞ்சு படபடக்குது, வெறுமையாக் கிடக்குது என்கிறார். பரியாரியார் நாடி பார்த்து, இருதயத்தில வாதம் கூடிப்போச்சு என்றார். குளிசையை விட்டுட்டு மருதம்பட்டைப் பால் குடிக்கலாமா?

குளிசையை ஒரு நாள்கூட நிறுத்த வேண்டாம். ஸ்டென்டுக்குள் இரத்தம் கட்டி அடைக்காமல் காப்பது அஸ்பிரினும் குளோபிடோகிரெலும்தான். நாமாக நிறுத்தினால் உயிருக்கே ஆபத்து.

அதற்காகப் பரியாரியார் சொன்னதைத் தள்ளிவிடவும் வேண்டாம். ஆயுர்வேதத்தில் இருதயம் இரத்தம் ஓடும் உறுப்பு மட்டுமல்ல; மனமும் உயிராற்றலான ஓஜஸும் இருக்கும் இடம். உணவின் சாரத்தை உடலெங்கும் செலுத்தும் வியான வாயு, தெளிவும் துணிவும் தரும் சாதக பித்தம், நெஞ்சைத் தாங்கும் அவலம்பக கபம் மூன்றுக்கும் அதுவே வீடு. வாதத்தால், அதாவது உடலில் வாயு கூடுவதால், வரும் இருதய நோய்க்குப் பழைய ஆயுர்வேத நூலான சரக சங்கிதை சொல்லும் காரணங்களைப் பாருங்கள்: துக்கம், பட்டினி, அளவு மீறிய உடலுழைப்பு, வறண்ட உணவு, குறைந்த உணவு. குறிகள் படபடப்பு, நடுக்கம், நெஞ்சில் வெறுமை. உங்கள் கடிதத்தில் இருப்பதும் பெரும்பாலும் இதுதானே. பரியாரியார் பேசியது அப்பாவின் துக்கத்தையும் வெறும் வயிற்றையும் பற்றி. ஸ்டென்ட் வைத்த குழாயைப் பற்றி அல்ல.

ஆகவே முதல் மருந்து சாப்பாடு. ரஸ்க்கை விட்டு இரவில் சூடான சிவப்பரிசிக் கஞ்சி, அவித்த பயறு, முருங்கையிலைச் சொதி கொடுங்கள், உப்பு மட்டாக. முழு விரதத்தை இப்போதைக்கு ஒரு நேர மரக்கறிச் சாப்பாடாக மாற்றச் சொல்லுங்கள், அம்மாளாச்சி கோபிக்க மாட்டா. பின்னேரத்தில் யாராவது துணைக்குப் போய்க் கோயில் வீதியில் மெல்ல நடக்கட்டும். தனியே விடாதீர்கள், இந்த வைத்தியத்தில் அதுவும் மருந்துதான்.

ஆனால் இதே படபடப்பு இருதயத் துடிப்பின் ஒழுங்கு குழம்பினாலும் வரும். நாடி பார்த்து மட்டும் அதைத் தீர்மானிக்கக் கூடாது. அடுத்த கிளினிக் திகதிக்குக் காத்திராமல் போய் ஈசிஜி எடுப்பியுங்கள்.

மருதம்பட்டை இருதயத்துக்கென்றே நெடுங்காலமாக வழங்கும் மருந்து. பட்டை ஒரு பங்கு, பால் எட்டு, தண்ணீர் முப்பத்திரண்டு. தண்ணீர் வற்றிப் பால் மிஞ்சும்வரை காய்ச்சுவார்கள். என்றாலும் இரத்தம் உறையாமல் தடுக்கும் குளிசைகளோடு சேர்ந்தால் இரத்தக் கசிவு கூடக்கூடும், பிறஷரும் இறங்கலாம். கிளினிக் வைத்தியர் சம்மதித்த பின்பே, பதிவுபெற்ற சித்த, ஆயுர்வேத வைத்தியரிடம், அல்லது கைதடி சித்த போதனா வைத்தியசாலையில் கிளினிக் கொப்பியைக் காட்டித் தொடங்குங்கள். லேகியம், சூரணம் தந்தால் அதிமதுரம் சேர்ந்திருக்கிறதா என்று கேளுங்கள். அது பிறஷரை ஏற்றும், உடலில் பொட்டாசியத்தைக் குறைக்கும்.

நெஞ்சை அழுத்தி நோ வந்து, குளிர் வியர்வையோ மூச்சு முட்டலோ சேர்ந்தால் கசாயம் காய்ச்சிக்கொண்டிருக்க வேண்டாம். உடனே அம்புலன்ஸுக்கு 1990ஐ அழையுங்கள்.