எர்டிஷ் எண் என்றால் என்ன?

சேர்ந்து எழுதிய ஆய்வுக் கட்டுரைகளின் வழியே ஒரு கணிதவியலாளர் பால் எர்டிஷிலிருந்து எத்தனை கை தள்ளி இருக்கிறார் என்ற கணக்குதான் எர்டிஷ் எண். ஹங்கேரியில் பிறந்த எர்டிஷ் (1913–1996) பெட்டியும் கையுமாக ஊர் ஊராகப் போய், 500-க்கும் மேற்பட்டோருடன் சேர்ந்து எழுதியவர். மொத்தம் சுமார் 1,500 கட்டுரைகள். அதனால்தான் அளவுகோல் அவர் பெயரில்.

அவருக்கு 0. அவரோடு சேர்ந்து எழுதியவருக்கு 1. அந்த 1-காரரோடு எழுதியவருக்கு 2. ஒன்றுவிட்ட, இரண்டுவிட்ட சொந்தம் மாதிரி. ஐன்ஸ்டீனுக்கு 2, இருவருக்கும் நடுவில் நிற்பவர் எர்ன்ஸ்ட் ஸ்ட்ராஸ். நன்றியுரையில் பெயர் வந்தால் கணக்கில் சேராது, ஆசிரியர் வரிசையில் இருக்க வேண்டும். ஒரே பெயருள்ள இருவரை ஒருவராக எண்ணினால் சங்கிலியே தப்பாகிவிடும்.

எண் சிறியதென்றால் ஆள் பெரிய மேதை என்று பலர் நினைக்கிறார்கள். அப்படி இல்லை. கடைசிவரை தனியாகவே எழுதியவர் எவ்வளவு பெரிய மேதையானாலும் அவருக்கு முடிவிலி என்றுதான் போடுவார்கள்.