தோட்டத்துப் பறவைகள்: வாசகர் கேள்வி-பதில்

எங்கள் போர் தண்ணீர் ஒரே உப்பு. அதையே பறவைகளுக்கு வைக்கலாமா? (கீழக்கரை)

வேண்டாம். கடற்பறவைகளுக்கு உடம்பில் சேரும் உப்பை வெளியே தள்ள வழி உண்டு. சின்னான், தேன்சிட்டு போன்ற தோட்டத்துப் பறவைகளுக்கு அது கிடையாது. உங்கள் பக்கம் நல்ல தண்ணீரைக் குடம் இவ்வளவு என்று காசு கொடுத்து வாங்குகிறீர்கள் என்று தெரியும். ஒரு சொம்பு போதும். அகலமான மண்சட்டியில் இரண்டு விரல் ஆழத்துக்கு ஊற்றி, நடுவில் ஒரு கல்லைப் போடுங்கள். பூனை பதுங்குகிற செடியிலிருந்து ஏழெட்டு அடி தள்ளி வையுங்கள். தினமும் காலையில் பழைய தண்ணீரைக் கொட்டி, சட்டியைத் தேய்த்துக் கழுவ வேண்டும். எத்தனை முறை எழுதினாலும் இதைத்தான் விட்டுவிடுகிறார்கள்.

மஞ்சளாக, சின்னதாக ஒரு குருவி வந்தது. என்ன பறவை? (மண்டபம்)

இப்படி எழுதினால் யார்தான் பதில் சொல்ல முடியும்? மைனாவைவிடப் பெரிதா சிறிதா, அலகு வளைந்ததா நேரானதா, எங்கே உட்கார்ந்து என்ன செய்துகொண்டிருந்தது, எந்த மாதம், எந்த நேரம் என்று எதுவுமே கடிதத்தில் இல்லை. அலகு வளைந்திருந்தால் பெண் தேன்சிட்டு. நேராக இருந்து, இறக்கையில் வெள்ளைப் பட்டையும் தெரிந்தால் மாம்பழச்சிட்டு. மைனா அளவு என்றால் மாங்குயில். அடுத்த முறை பார்த்தவுடன் குறித்து வைத்துக்கொண்டு எழுதுங்கள்.

மரங்கொத்தி எங்கள் தென்னையைக் கொத்திக் கெடுக்கிறது. எப்படி விரட்டுவது? (உச்சிப்புளி)

விரட்டாதீர்கள். புழு இருக்கிற இடத்தைத் தேடித்தான் அது கொத்துகிறது. தண்டில் ஓட்டை இருக்கிறதா, பழுப்பாகச் சாறு வடிகிறதா என்று பாருங்கள். இருந்தால் உங்கள் எதிரி சிவப்புக் கூன்வண்டு.

செல்போன் டவரால்தானே சிட்டுக்குருவி அழிந்தது? எங்கள் தெருவில் டவர் வந்த பிறகு ஒன்றுகூட இல்லை. (ராமநாதபுரம்)

மாதம் தவறாமல் இந்தக் கேள்வி வருகிறது. இந்த முறை கொஞ்சம் விரிவாகவே சொல்லிவிடுகிறேன். டவர் கதிர்வீச்சுதான் சிட்டுக்குருவியை அழித்தது என்பதற்கு உறுதியான ஆதாரம் இதுவரை இல்லை. நாடு முழுவதும் பறவை ஆர்வலர்கள் குறித்து வைத்த பட்டியல்களை அலசி 2020-இல் வந்த இந்தியப் பறவைகளின் நிலை அறிக்கை, சுமார் 25 ஆண்டுகளாக நாட்டில் சிட்டுக்குருவியின் நிலை மொத்தத்தில் சீராக இருக்கிறது, பெருநகரங்களில்தான் குறைந்திருக்கிறது என்றது.

உங்கள் தெருவில் டவர் வந்த அதே காலத்தில் வேறு என்னென்ன போயின என்று எண்ணிப் பாருங்கள். ஓட்டு வீட்டின் கைமரச் சந்து போயிற்று. ஓலைக்கொட்டகை போயிற்று. அரிசியும் கம்பும் புடைக்கிற முறம் போயிற்று. மண் வாசலில் பேவர் பிளாக் பதித்தாயிற்று. வேலியோரம் மண்டிக் கிடந்த புதரை 'சுத்தம்' என்று வழித்தெடுத்துவிட்டு, மிச்சம் இருந்த செடிக்கும் பூச்சிமருந்து அடித்தாயிற்று.

சிட்டுக்குருவி தானியம் தின்னும் பறவைதான், ஆனால் குஞ்சுக்கு முதல் நாட்களில் பூச்சிதான் உணவு. கூடு வைத்த தாயைக் கொஞ்ச நேரம் கவனியுங்கள். பச்சைப் புழு ஒன்றை அலகில் குறுக்கே கவ்விக்கொண்டு வரும். கூட்டுக்குள் நேரே போகாது. பக்கத்துக் கம்பியில் உட்கார்ந்து இரண்டு பக்கமும் பார்த்த பிறகுதான் நுழையும். அந்தப் புழு வளரச் செடி வேண்டும். செடியை வெட்டிவிட்டு டவரைக் குற்றம் சொல்வதில் யாருக்கு லாபம்?

உப்பு மண்ணிலும் பூவரசும் வேம்பும் வரும். முருங்கை பூத்தால் தேன்சிட்டு தானாக வரும். சுவரோரம் நாலடிக்காவது புல்லையும் பூண்டையும் விட்டுவையுங்கள். கூட்டுப்பெட்டி வைப்பதானால் துவாரம் ஒன்றேகால் அங்குலம், உயரம் எட்டுப் பத்து அடி, மேற்கு வெயில் படாத சுவர். மின்விசிறி சுற்றுகிற அறைக்குள் மட்டும் வேண்டாம்.

பைக் கண்ணாடியை ஒரு தேன்சிட்டு நாள் முழுக்கக் கொத்துகிறது. (பாம்பன்)

தன் நிழலைப் போட்டிக்கு வந்த இன்னொரு ஆண் என்று நினைத்துக்கொள்கிறது. கண்ணாடிமேல் பழைய சாக்ஸை மாட்டுங்கள்.

ஐப்பசி மழையில் பல நிறமுள்ள குருவி ஒன்று கிணற்றடியில் பறக்காமல் நின்றது. குட்டைவால், வயிற்றடியில் சிவப்பு. வளர்க்கலாமா? (தொண்டி)

கூடாது. நம் காட்டுப் பறவைகளை வீட்டில் வளர்ப்பது 1972 வன உயிரினப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றம். ஆனால் நன்றாகப் பார்த்து எழுதியிருக்கிறீர்கள், மகிழ்ச்சி. அது ஆறுமணிக்குருவி. இமயமலை அடிவாரத்திலும் நடு இந்தியாவிலும் குஞ்சு பொரித்துவிட்டுக் குளிர்காலத்துக்குத் தெற்கே, இலங்கை வரைகூட, வலசை வருகிறது. வந்து இறங்கும்போது களைத்துப்போய் இப்படி நிற்கும். பூனையையும் நாயையும் தள்ளி வைத்தால் போதும். சுவரில் மோதி விழுந்திருந்தால் காற்றோட்டமுள்ள அட்டைப்பெட்டியில் இருட்டாக ஒரு மணி நேரம் வைத்துவிட்டுத் திறந்துவிடுங்கள். வாயில் தண்ணீர் ஊற்றாதீர்கள். தேறாவிட்டால் வனத்துறையிடம் சொல்லுங்கள். உதிர்ந்த இலைகளைப் பெருக்காமல் விட்டால் சில நாள் தங்கிப் பூச்சி பொறுக்கும்.

தவிட்டுக்குருவிகள் தங்களைவிடப் பெரிய, கொண்டையுள்ள குஞ்சுக்கு ஊட்டுகின்றன. (திருப்புல்லாணி)

சுடலைக்குயிலின் குஞ்சு. தவிட்டுக்குருவிக் கூட்டில் முட்டையிடுவதுதான் அதன் வழக்கம். 'பாவம்' என்று குஞ்சைப் பிரிக்கப் போகாதீர்கள். கூட்டுப் பக்கமே போகாதீர்கள். படம் எடுக்க இலையை விலக்கினால் காக்கைக்கு வழி காட்டியது போலாகும்.

பனையில் காலியாகத் தொங்கும் தூக்கணாங்குருவிக் கூட்டை வீட்டு அலங்காரத்துக்கு எடுக்கலாமா? (சாயல்குடி)

எடுக்காதீர்கள். பழைய கூட்டில் சில்லை என்ற சின்னக் குருவிகள் குடியேறும்.

பூநாரையை எங்கள் மாடியிலிருந்து பார்க்க முடியுமா? (ராமேஸ்வரம்)

மாடியை நம்ப வேண்டாம். மழை ஓய்ந்து தை, மாசியில் தனுஷ்கோடி சாலைக்குப் போய், கோதண்டராமர் கோயில் பக்கத்து நீர்ப்பரப்பைப் பாருங்கள். 2025 ஜூனில் தனுஷ்கோடியை அரசு பூநாரை சரணாலயமாக அறிவித்திருக்கிறது. சாலையோரம் நின்றே பாருங்கள், தண்ணீருக்குள் இறங்காதீர்கள்.