பிடித்து வைத்த இராணி எறும்பு மூன்று வாரமாக எதையும் சாப்பிடவில்லை. என்ன கொடுக்கலாம்?

எதுவும் கொடுக்க வேண்டாம். இராணி இருக்கும் குழாயைத் திறக்கவும் வேண்டாம். உங்கள் இராணி பட்டினி கிடக்கவில்லை.

ஐப்பசி மழை விட்ட இரவில் வாசல் விளக்கடியில் பிடித்தது, கறுப்பு உடல், புடைத்த முதுகு, சிறகுகளைத் தானே உதிர்த்துவிட்டது, சோதனைக் குழாயின் ஈரப் பஞ்சோரம் முட்டைகளை விட்டு நகராமல் இருக்கிறது, வாய்ப்பஞ்சில் தடவிய சீனித் தண்ணீரைத் தொடவில்லை என்று எழுதியிருக்கிறீர்கள். இத்தனையும் சரியென்றால் அது நம் வளவுகளில் எங்கும் காணும் கட்டெறும்பின் இராணியாகத்தான் இருக்க வேண்டும். ஈசலோ என்ற ஐயம் இருந்தால் இடுப்பைப் பாருங்கள். ஈசல் கறையான் இனம். அதற்கு இடுப்பு ஒடுங்காது, உணர்கொம்பு மணி கோத்தது போல் நேராக இருக்கும். எறும்புக்கு இடுப்பு நூலாக ஒடுங்கும், உணர்கொம்பு முழங்கை போல் மடங்கும்.

கட்டெறும்பு இராணி கலவிக்காகப் பறந்து முடித்ததும் சிறகைக் கழற்றிவிடுகிறது. அப்போது கிடைத்த விந்தணுக்களை வயிற்றுக்குள் ஒரு பையில் சேமித்து, ஆயுள் முழுவதும் அதைக் கொண்டே முட்டை இடுகிறது. பிறகு மண்ணில் ஒரு சிறிய அறை தோண்டி, வாசலை உள்ளிருந்தே அடைத்துக்கொள்கிறது. அந்த அறைக்குள் உணவு என்று எதுவும் இல்லை. இனிப் பறக்க வேண்டியதில்லை என்பதால் சிறகை அசைத்த தசைகள் உடலுக்குள்ளேயே கரைகின்றன. நீங்கள் கண்ட புடைத்த முதுகு முழுவதும் அந்தத் தசைதான். அதையும் சேர்த்து வைத்த கொழுப்பையும் கொண்டு தானும் பிழைத்து, முட்டையிலிருந்து வரும் முதல் புழுக்களான குடம்பிகளுக்கும் வாயால் ஊட்டி வளர்க்கிறது. அடியில் தண்ணீர் விட்டுப் பஞ்சால் அடைத்த உங்கள் குழாய்தான் இப்போது அந்த மண்ணறை. இராணிக்குத் தேவை தண்ணீரும் இருட்டும் அமைதியும் மட்டுமே.

மூன்றாவதைத்தான் நாம் கொடுக்க மறுக்கிறோம். மாங்குளத்துக்கு அருகே எங்கள் வீட்டில் என் முதல் இராணியை நான் பார்த்துப் பார்த்தே கொன்றேன். காலையில் ஒரு தரம், வேலை விட்டு வந்து ஒரு தரம், படுக்கப் போகும்முன் கைவிளக்கை அடித்து ஒரு தரம். பன்னிரண்டு முட்டை எண்ணினேன். அடுத்த வாரம் ஏழு இருந்தன. அதற்கடுத்த வாரம் ஒன்றுமில்லை. எல்லாவற்றையும் இராணியே தின்றுவிட்டது. வெளிச்சமும் அதிர்வும் தொடர்ந்து வந்தால், இந்த இடத்தில் குஞ்சுகள் தேறா என்பது போல முட்டைகளைத் தின்று தன் உடம்பிலேயே சேர்த்துக்கொள்ளும். ஆனால் தின்பதில் திரும்பக் கிடைப்பது கொஞ்சமே. இரண்டாம் தடவை இட உடம்பில் வலு இருப்பதில்லை. அது செத்த பிறகு அம்மா சொன்னார்: "பிள்ளைப்பெற்றவளை நாளுக்கு நாலு தரம் கதவைத் திறந்து எட்டிப் பார்ப்பார்களா, பிள்ளை? அவளை அவள்பாட்டில் விடு." எறும்பு வளர்ப்பில் நான் கேட்ட ஆகச் சிறந்த ஆலோசனை அதுதான். பத்து நாளைக்கு ஒரு தடவை, அதுவும் அரை நிமிடம் பார்த்தால் போதும்.

இரண்டாவது இராணியை அலுமாரிக்குள் வைத்தேன். எட்டுக் கூட்டுப்புழுக்கள் ஆகியிருந்தன. ஓர் இரவு நுளம்புத் தொல்லை தாங்காமல் அதே அறையில் நுளம்புத்திரி கொளுத்தினேன். விடிய அலுமாரியைத் திறந்தால் இராணி மல்லாந்து, ஆறு காலும் நெஞ்சோடு மடங்கிக் கிடந்தது. நுளம்பைக் கொல்லும் நஞ்சு எறும்பின் நரம்பையும் தாக்கும். அலுமாரிக் கதவு புகையைத் தடுப்பதில்லை. உங்கள் குழாய் இருக்கும் அறையில் நுளம்புத்திரியும் பூச்சி மருந்தும் வேண்டாம், வலை கட்டிப் படுங்கள். மாரியில் டெங்குக்குப் புகையடிக்க வந்தால் குழாயை முன்கூட்டியே தூரத்து வீடொன்றுக்குக் கொண்டுபோய்விடுங்கள்.

இப்போது இருப்பது மூன்றாவது. அதை வைத்திருக்கும் விதத்தைச் சொல்கிறேன், தகரக் கூரை வீடென்றால் உங்களுக்கும் உதவும். மண்சட்டியில் நான்கு விரல் உயரத்துக்கு ஆற்றுமணல் போட்டு நனைத்து, கறுப்புத் துணி சுற்றிய குழாயை மணலின் மேல் கிடையாக வைத்து, இன்னொரு சட்டியால் மூடியிருக்கிறேன். மாரியில் இது அவசியமில்லை. பங்குனிக்குப் பிறகு தகரத்தின் கீழ் நண்பகலில் நிற்கவே முடியாது, குழாய்க்குள் எறும்பு வெந்துவிடும். மணலுக்கு இரண்டு நாளைக்கொரு தரம் தண்ணீர் தெளித்தால் சட்டிக்குள் குளிர்ச்சி நிற்கிறது.

அந்தக் குழாயில் நாற்பத்து மூன்றாம் நாளில் முதலாவது எறும்பு வந்தது. உருப்பெருக்கிக் கண்ணாடியோடு அன்று மட்டும் சற்று நேரம் பார்த்தேன். கூட்டின் ஒரு முனையை இராணி தாடையால் மெல்ல மெல்லக் கிழித்தது. உள்ளே தேங்காய்ப்பால் நிறத்தில், கால்களை வயிற்றோடு ஒட்டிக்கொண்டு, ஈரத்தோடு ஒரு சின்ன எறும்பு. இராணி அதை வெளியே இழுத்து உடல் முழுவதும் நக்கியது. உணர்கொம்பு ஒன்று விரிந்தது, பிறகு மற்றது. எழுந்து நிற்க முயன்று விழுந்தது, மறுபடி நின்றது. கறுக்கச் சில நாட்கள் எடுத்தது. தோட்டத்துக் கட்டெறும்பில் பாதி அளவுகூட இல்லை. முதல் தொகுதி அப்படித்தான் இருக்கும், பயப்பட வேண்டாம். இருந்த கொஞ்ச உணவை எட்டுப் பத்துப் பேருக்குப் பங்கிட்டதால் வந்த சிறுமை அது.

உங்கள் குழாயில் இனிமேல் நெல்மணி போன்ற கூடுகள் தெரியும். ஒவ்வொன்றின் நுனியிலும் ஒரு கறுப்புப் புள்ளி இருக்கும். நோய் என்று நினைத்துப் பதறினேன். குடம்பி கூடு கட்டியதும் வயிற்றிலிருந்த கழிவு முழுவதையும் ஒரே தடவையில் வெளியேற்றுகிறது. அதுவே அந்தப் புள்ளி. எறும்பு முட்டை கொண்டு திட்டை ஏறினால் மழை வரும் என்று பெரியவர்கள் சொல்வார்களே, அந்த "முட்டை" பெரும்பாலும் இந்தக் கூடுகளும் குடம்பிகளும்தான். உண்மையான முட்டை சீனிக் குறுணி அளவே இருக்கும்.

முதல் எறும்புகள் நடமாடத் தொடங்கிய பிறகுதான் உணவு. சீனி ஒரு பங்கு, தண்ணீர் மூன்று பங்கு. தீக்குச்சி நுனியில் தொட்டு ஒரு சிறு துளி. பெரிய துளியில் சின்ன எறும்பு ஒட்டி மூழ்கிவிடும். ஒன்று குடித்தால் போதும், வயிறு கண்ணாடிபோல் ஊதி உள்ளே போய் இராணிக்கும் மற்றவற்றுக்கும் வாயோடு வாய் வைத்துக் கொடுக்கும். இனிப்பு உழைப்புக்கு, குடம்பி வளரப் புரதம் வேண்டும். அடித்த நுளம்பு ஒன்று, அல்லது இலையானின் ஒரு துண்டு, வாரத்துக்கு இரண்டு தரம். வயலில் பிடித்த வெட்டுக்கிளி வேண்டவே வேண்டாம். காலபோக நெற்செய்கையில் மருந்தடிக்காத வயல் அரிது, எந்தப் பூச்சி எந்த வயலிலிருந்து வந்தது என்று தெரியாது. மிச்சத்தை மறுநாளே எடுத்துவிடுங்கள், இல்லாவிட்டால் பூஞ்சணம் பிடிக்கும்.

வெளி எறும்புகளைப் பற்றி நீங்கள் கேட்கவில்லை, ஆனால் நம் பக்கத்தில் பெரிய எதிரி அவைதான். சிற்றெறும்புகள் பஞ்சைத் துளைத்து உள்ளே போய் ஒரே இரவில் இராணியைக் கொன்றுவிடும். நீங்கள் சீனி தடவிய வாய்ப்பஞ்சு அவற்றுக்கு அழைப்பு. அந்தப் பஞ்சை மட்டும் இன்று மெதுவாக மாற்றுங்கள், இதற்கு மட்டும் திறக்கலாம். பிறகு அப்பம்மாக்கள் சீனிப் போத்தலை வைப்பதுபோல் சட்டியைத் தண்ணீர்த் தட்டில் வையுங்கள். தண்ணீரில் தூசி படிந்தால் சிற்றெறும்பு அதன்மேல் நடந்து வரும். ஒரு துளி சவர்க்கார நீர் விட்டால் வரமுடியாது.

பெரிய கண்ணாடிப் பெட்டி வாங்கியிருப்பதாகவும் எழுதியிருந்தீர்கள். முப்பது எறும்பு வரும்வரை அதைப் பரணில் வையுங்கள். இடம் பெரிதானால் சின்னக் கூட்டம் ஒரு மூலையைக் குப்பை மேடாக்கிவிட்டு இன்னொரு மூலையில் ஒடுங்கிக்கிடக்கும். குழாயின் தண்ணீர் வற்றினால் புதுக் குழாயை வாயோடு வாய் பொருத்தி ஒட்டும் நாடாவால் இணைத்து, பழையதன் துணியை மட்டும் அகற்றிவிடுங்கள். இருட்டைத் தேடித் தாமாகவே குஞ்சுகளைத் தூக்கிக்கொண்டு போகும். என் கூட்டத்துக்கு இரண்டு இரவு பிடித்தது. தட்டிக் கொட்ட வேண்டாம்.

இந்த இராணி தவறினால் புற்றைக் கிண்டி இன்னொன்றை எடுக்கலாமா என்று நீங்கள் கேட்டதற்கும் பதில், வேண்டாம் என்பதே. இராணி ஆழத்தில் இருக்கும், மண்வெட்டி பட்டு நசுங்கும், நன்றாக வாழ்ந்த கூட்டமும் அழியும். அதைவிட, கிளிநொச்சி முல்லைத்தீவுப் பக்கங்களில் கண்ணிவெடி எச்சரிக்கைப் பலகை நிற்கும் காணிகளை நீங்கள் அறிவீர்கள். எறும்புக்காக அறியாத நிலத்தில் கால் வைக்காதீர்கள், ஒரு மழை பொறுத்தால் வாசலுக்கே வரும். வெளிநாட்டு எறும்பை ஆள் பிடித்துத் தருவிக்கவும் வேண்டாம். 2025 மே மாதம் நைரோபியில் ஏறக்குறைய 5,000 எறும்புகளைக் கடத்த முயன்ற நான்கு பேருக்கு ஆளுக்கு 10 இலட்சம் கென்ய ஷில்லிங் தண்டமும், கட்டத் தவறினால் ஓராண்டுச் சிறையும் விதித்தார்கள். அந்நிய எறும்பு நம் மண்ணில் தப்பினால் வரும் கேட்டுக்குத் தண்டம் கட்டித் தீர்க்க முடியாது. வாசலில் பிடித்ததை வளர்க்க முடியாமல் போனால் அதே வாசலில் விட்டுவிடலாம்.

இன்று பஞ்சை மாற்றிவிட்டுச் சட்டியை மூடுங்கள். பத்து நாள் கழித்துத் துணியை விலக்கி எண்ணிப் பாருங்கள். கூடுகள் இருந்தால் இங்கே வந்து எத்தனை என்று எழுதுங்கள். முட்டை மட்டும்தான் இருக்கிறதென்றாலும் குறையில்லை, மறுபடி மூடிவிட்டு இன்னொரு பத்து நாள்.