விசிறி சுற்றுகிறது, காற்று எங்கே போகிறது? – வாசகர் கேள்வி பதில்

கேள்வி: முட்டுச்சந்தாகப் போகும் ஒரு குடைவுக்குத் துணை விசிறியும் துணிக்குழாயும் போட்டிருக்கிறோம். வெட்டு நடக்கும் கடைசி முனையான வெட்டுமுகத்தில் வெக்கை தாங்க முடியவில்லை. மீத்தேன் அளவும் இறங்கவில்லை. விசிறியை இரண்டு மடங்கு பெரியதாக மாற்றியும் பெரிய வித்தியாசம் இல்லை. ஏன்? – சுரங்க மேற்பார்வையாளர் ஒருவர்

பதில்: விசிறியைப் பார்க்கும் முன் அது நிற்கிற பாதையைப் பாருங்கள். உங்கள் பிரதான பாதை 4 மீட்டர் அகலம், 2.5 மீட்டர் உயரம் என்று வைத்துக்கொள்வோம். பரப்பு 10 சதுர மீட்டர். அங்கே காற்று நொடிக்கு 0.4 மீட்டர் வேகத்தில் நகர்ந்தால், அந்த வழியே போவது நொடிக்கு 4 கன மீட்டர்தான். பழைய விசிறி 3 கன மீட்டர் இழுத்தது என்றால் சிக்கல் இல்லை. புதியது 6 இழுக்கும். மிச்சம் 2 கன மீட்டர் எங்கிருந்து வரும்? வெட்டுமுகத்தைச் சுற்றி வெளியே வந்த அதே கெட்ட காற்றுதான் திரும்பி விசிறிக்குள் போகிறது. குழாயில் காற்று பீறிட்டாலும், உள்ளே போகும் புதுக்காற்று 4-க்கு மேல் ஒரு துளியும் அதிகரிக்காது. போதாக்குறைக்குப் பெரிய மோட்டாரின் சூடும் அந்தக் காற்றில் சேர்கிறது. வெக்கை குறையாததில் ஆச்சரியமில்லை.

இதை உறுதிசெய்யப் புகைக்குழல் ஒன்று போதும். குடைவின் வாய்க்கும் விசிறிக்கும் நடுவில் நின்று கொஞ்சம் புகை விடுங்கள். புகை விசிறிப் பக்கமிருந்து குடைவின் வாயை நோக்கி நகர வேண்டும். விசிறியை நோக்கி ஊர்ந்தால் சுழற்சி நடக்கிறது என்று அர்த்தம். தரையோரம், கூரையோரம், நடுவில் என மூன்று உயரங்களிலும் பாருங்கள். நடுவில் சரியாகப் போகும் புகை கூரையோரம் பின்னுக்கு வருவது உண்டு.

விசிறியின் வாய் எப்போதும் புதுக்காற்று வரும் பக்கம், குடைவின் வாய்க்குக் குறைந்தது 5 மீட்டர் முன்னால் இருக்க வேண்டும். அந்த இடத்தைக் கடக்கும் காற்று, விசிறி இழுப்பதைப் போல ஒன்றரை மடங்காவது இருந்தால்தான் நாங்கள் நிம்மதியாக இருப்போம். காற்றுமானியைப் பாதையின் நடுவில் மட்டும் பிடித்து அளக்காதீர்கள், கூடுதலாகக் காட்டும். சுவரோரம் வரை மெதுவாக, ஒரே சீராக நகர்த்தி முழுக் குறுக்குவெட்டையும் அளக்க வேண்டும்.

அடுத்து குழாய். ஒரு பாதையில் காற்றின் அளவை இரட்டிப்பாக்க நான்கு மடங்கு அழுத்தமும் எட்டு மடங்கு சக்தியும் வேண்டும். பெரிய மோட்டாரை நம்புகிறவர்கள் இந்தக் கணக்கைப் போட்டுப் பார்ப்பதில்லை. குழாயின் விட்டத்தில் கை வைப்பதுதான் லாபம். தடை, விட்டத்தின் ஐந்தாம் அடுக்குக்கு எதிர்விகிதத்தில் மாறும். 600 மில்லிமீட்டர் குழாயை 750 ஆக்கினால் அதே காற்றை அனுப்ப ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு அழுத்தம் போதும். கிழிசல், தளர்ந்த இணைப்பு, கூர்மையான வளைவு ஆகியவற்றைச் சரிசெய்யாமல் விசிறியை மாற்றுவது ஓட்டைக் குடத்துக்குப் பெரிய குழாய் போடுவது.

கடைசியாக, குழாயின் முனை எங்கே இருக்கிறது? ஊதும் குழாய் என்றால் முனையிலிருந்து 30 விட்டம் தள்ளியும் காற்று தன் வேகத்தில் பத்தில் ஒரு பங்கை வைத்திருக்கும். உறிஞ்சும் குழாயிலோ ஒரே விட்டம் தள்ளினாலே வேகம் அந்த அளவுக்கு விழுந்துவிடும். எனவே உறிஞ்சும் குழாயை வெட்டுமுகத்துக்கு மிக அருகில் கொண்டுபோக வேண்டும். மீத்தேன் கசியும் நிலக்கரிச் சுரங்கத்தில் எந்த முறையானாலும் தாராளம் காட்டக்கூடாது. இந்திய விதிகள் காற்றை முகத்துக்கு 4.5 மீட்டருக்குள் கொண்டுவரச் சொல்கின்றன. முகம் முன்னேற முன்னேறக் குழாயை நீட்ட மறப்பதுதான் நடைமுறையில் அடிக்கடி நடக்கும் தவறு.

கேள்வி: பழைய வேலைப்பகுதி ஒன்றின் வாயில் மீத்தேன் மீட்டர் முதலில் ஏறியது, பிறகு தானாகவே இறங்கியது. வாயு கலைந்துவிட்டது என்று எடுத்துக்கொள்ளலாமா? – டிப்ளமோ மாணவி

பதில்: கூடவே கூடாது. உடனே பின்வாங்குங்கள். பெரும்பாலான கைமீட்டர்கள் வாயுவைப் பாசிமணி போன்ற ஒரு சிறிய சூடான மணியில் எரித்து அளப்பவை. எரிய ஆக்ஸிஜன் வேண்டும். மீத்தேன் மிக அதிகமாகவோ ஆக்ஸிஜன் மிகக் குறைவாகவோ இருந்தால் மணியில் எரிதல் அடங்கி, முள் இறங்கிவிடும். உள்ளே போகப் போக ‘நல்ல காற்று’ என்று பொய் சொல்லும் கருவியை நம்பி உயிர் விட்டவர்கள் உண்டு. அதனால் எப்போதும் ஆக்ஸிஜனை முதலில் படியுங்கள். இயல்பு 20.9 சதவீதம். 19-க்குக் கீழே என்றால் மற்ற அளவுகளைப் பற்றிய பேச்சே வேண்டாம்.

எங்கே பிடிப்பது என்பதும் முக்கியம். மீத்தேன் காற்றைவிட ஏறக்குறைய பாதி எடைதான். கூரையை ஒட்டிப் படலமாகப் படியும், காற்றின் வேகம் நொடிக்கு அரை மீட்டருக்குக் குறைந்த இடங்களில் குறிப்பாக. மார்பளவில் பிடித்த மீட்டருக்கு அந்தப் படலம் தெரியாது. நீட்டுக்கோல் வைத்துக் கூரையைத் தொடுங்கள். கார்பன் டை ஆக்சைடு கனமானது, தரைப்பள்ளத்தில் தேடுங்கள். கார்பன் மோனாக்சைடு ஏறக்குறைய காற்றின் எடையே, எல்லா உயரத்திலும் கலந்திருக்கும்.

மீத்தேன் 5 முதல் 15 சதவீதம் வரை வெடிக்கும், மூர்க்கமாக வெடிப்பது 9.5 அருகில். அப்படியிருக்க எல்லையை ஏன் இவ்வளவு கீழே வைக்கிறார்கள் என்று பலரும் கேட்கிறார்கள். அமெரிக்கச் சட்டம் 1 சதவீதத்திலேயே அப்பகுதியின் மின்கருவிகளை நிறுத்தச் சொல்கிறது, 1.5-ல் ஆட்களை வெளியேற்றச் சொல்கிறது. இந்திய நிலக்கரி விதிகளில் வேலையிடத்துக்கான எல்லை 1.25. நீங்கள் அளந்த இடத்தில் 1 என்றால் இரண்டடி மேலே 5 இருக்கலாம். விதியில் உள்ள அந்த இடைவெளி இதற்காகத்தான்.

கேள்வி: விஷவாயுவில் தப்பி வெளியேற வாயில் மாட்டும் வடிகட்டி வகைச் சுய மீட்புக் கருவியை மாட்டினால் வாய்க்குள் வரும் காற்று சுடுகிறதே, கழற்றிவிடலாமா?

பதில்: கழற்றினால் சாவு. கார்பன் மோனாக்சைடை அந்தக் கருவி வேதிவினையால் கார்பன் டை ஆக்சைடாக மாற்றுகிறது, சூடு அதிலிருந்துதான் வருகிறது. அதிகம் சுட்டால் வெளியே விஷவாயு அதிகம் என்று பொருள். மூக்குக் கிளிப் நழுவாமல் பார்த்து, ஓடாமல், சீராக நடந்து வெளியேறுங்கள். ஆனால் இந்த வகை ஆக்ஸிஜனை உண்டாக்காது. ஆக்ஸிஜன் குறைந்த காற்றில் இது வெறும் பெட்டி. அங்கே தானே ஆக்ஸிஜன் தரும் வகை வேண்டும்.

கேள்வி: உள்ளே தீப்பிடித்தால் பிரதான விசிறியை நிறுத்தினால் தீ அடங்கும்தானே?

பதில்: தீ அடங்கலாம், உள்ளே இருப்பவர்களும் அடங்கிவிடுவார்கள். 1942-ல் சீனாவின் பென்சிஹு நிலக்கரிச் சுரங்க வெடிப்பில் 1,549 பேர் இறந்தார்கள். தீயை அணைக்கக் காற்றோட்டத்தை நிறுத்திச் சுரங்கத்தின் வாயை அடைத்ததால், பெரும்பாலானோர் கார்பன் மோனாக்சைடால் இறந்தார்கள் என்று பின்னர் நடந்த சோவியத் விசாரணை கூறியது. விசிறி நின்றதும் மீத்தேன் குவியும், புகை சூட்டின் போக்கில் எந்தப் பக்கமும் திரும்பும். காற்றின் திசையை வைத்துத் தப்பும் வழியைத் தேர்ந்தவர் புகைக்குள்ளேயே நடப்பார்.

நிறுத்துவது, திசையைத் திருப்புவது இரண்டும் அவசரத் திட்டப்படி பொறுப்பாளர் மட்டுமே எடுக்க வேண்டிய முடிவுகள். காற்று உள்ளே வரும் தண்டின் (கிணறு போலச் செங்குத்தாக இறங்கும் வழியின்) வாயிலேயே தீ என்றால் திருப்புவது உயிர் காக்கும். அதற்குத் திசைமாற்று ஏற்பாட்டை ஆட்கள் இல்லாத நாளில் ஓட்டிப் பார்த்து, எத்தனை நிமிடத்தில் திரும்புகிறது, கதவுகள் தாங்குகின்றனவா என்று பதிவுசெய்திருக்க வேண்டும். விசிறி இருக்கும் இடமும் முக்கியம். 2010-ல் 29 பேர் இறந்த நியூசிலாந்தின் பைக் ரிவர் சுரங்கத்தில் பிரதான விசிறி நிலத்தடியில் இருந்தது, வெடிப்பில் செயலிழந்தது. விசிறி தரைமேல், தண்டின் நேர்க்கோட்டிலிருந்து விலகி இருக்க வேண்டும். நேர்க்கோட்டில் வெடிப்பின் வேகத்தில் திறந்துகொள்ளும் கதவு இருக்க வேண்டும்.

கேள்வி: எங்களுடையது திறந்தவெளிக் கல்குவாரி. காற்றோட்ட விதிகள் எங்களுக்கும் உண்டா?

பதில்: விசிறி வேண்டாம், காற்றைப் பற்றிய கவனம் வேண்டும். முதல் எதிரி படிகச் சிலிக்காத் தூசு. அமெரிக்க எல்லை ஒரு கன மீட்டருக்கு 0.05 மில்லிகிராம். அந்த அளவு கண்ணுக்கே தெரியாது. முகத்தில் கட்டும் துணி இதைத் தடுக்காது. துளையிடும் கம்பியின் நடுவே தண்ணீர் விட்டு ஈரத்துளை போடுவதும், நொறுக்கும் இயந்திரத்தில் தூசு உறிஞ்சியும்தான் வழி. வெளியே தெளிக்கும் தண்ணீர் துளைக்குள் உண்டாகும் தூசைப் பிடிக்காது.

வெடித்த பிறகு ஆரஞ்சு நிறப் புகை எழுந்தால் அது நைட்ரஜன் டை ஆக்சைடு. ஆழமான குழியில் காற்று அசையாத காலையில் அது அடியிலேயே தேங்கும். மூச்சுத் திணறல் பல மணி நேரம் கழித்தும் வரலாம். அதைச் சுவாசித்தவர் நன்றாக இருப்பதாகச் சொன்னாலும் மருத்துவரிடம் அனுப்புங்கள். வெடிக்காத துளையிலிருந்து வெடிமருந்தைத் தோண்டி எடுக்காதீர்கள், பழைய துளையின் எச்சத்துக்குள் மீண்டும் துளையிடாதீர்கள். திரியைப் பற்றவைத்து வெடிக்கும் முறை என்றால், வெடிக்காத துளைக்கு அரை மணி நேரம் கழித்தே அருகில் போகலாம்.