விண்டோஸை மீண்டும் நிறுவும் முன் எவற்றைப் பிரதி எடுக்க வேண்டும்?

காரைக்குடியில் கண்டாங்கிச் சேலைக் கடை வைத்திருப்பவர் கேட்ட கேள்வி இது. டெஸ்க்டாப், டாக்குமென்ட்ஸ் கோப்புறைகளை யாரும் மறப்பதில்லை. செட்டிநாட்டு வீட்டின் முகப்பையும் வளவையும் காலிசெய்துவிட்டு இரண்டாம் கட்டை மறந்த கதையாக, விட்டுப்போவது ஆப்டேட்டா (AppData) என்ற மறைந்த கோப்புறைதான். உலாவியின் புக்மார்க்குகளும் பல மென்பொருள்களின் அமைப்புகளும் அதற்குள்தான் இருக்கின்றன. எக்ஸ்ப்ளோரரில் மறைந்த கோப்புகளைக் காட்டச் சொன்னால், உங்கள் பயனர் கோப்புறைக்குள் அது தெரியும். ஆனால் சேமித்த கடவுச்சொற்களை உலாவியிலிருந்தே ஏற்றுமதி செய்யுங்கள்; கோப்புறையை நகலெடுத்தால் மட்டும் போதாது, குரோம், எட்ஜ் போன்ற உலாவிகளில் புதிய நிறுவலில் அவை திறக்காது.

கடைக் கணக்கு வேறிடத்தில் இருக்கலாம். அந்த மென்பொருளின் பேக்கப் வசதியையே பயன்படுத்துங்கள். பென்டிரைவ் ஃபேட்32 வடிவில் இருந்தால் 4 ஜிபியைத் தாண்டிய கோப்பு ஏறாது. அதே வட்டிலுள்ள டி டிரைவில் போடுவதைப் பிரதி என்று நான் ஒப்புக்கொள்ள மாட்டேன். வட்டைப் பூட்டிவைக்கும் விண்டோஸ் வசதியான பிட்லாக்கர் இயக்கத்தில் இருந்தால் அதன் மீட்புச் சாவியைத் தாளில் எழுதிவையுங்கள். அழிப்பதற்குமுன் இரண்டு மூன்று கோப்புகளை வேறொரு கணினியில் திறந்து பாருங்கள்.